வடக்குப் பக்கத்து வழக்கு

சாட்சிக் கூண்டில் நான் சொன்னது:
ஏழடி அகலம், இருபத்திரண்டடி நீளம்,
குலசேகரத்தில் என் வீட்டு வடபுறம்.
ஸ்டான்லி ஞானதாஸ் மூன்றாம் மாடி எழுப்பி
மேலே தகரமும் போட்டபிறகு
அங்கே வெயில் இறங்குவதில்லை.
கத்தரி வெளிறிச் செத்தது.
மிளகாய் பூவோடு உதிர்ந்தது.
துவைத்த துணி மூன்று நாள் நாறுகிறது.
என் வெளிச்சம் எனக்கு வேண்டும்.

சொல்லாதது ஒன்று உண்டு.
ஆனியிலும் ஆடியிலும்தான் அவன் வீடு மறைக்கும்.
மார்கழியில் சூரியன் தெற்கே சாய்கிறபோது
அந்த ஏழடியை மறைப்பது
என் வீடு.
வக்கீல் கேட்கவில்லை. நானும்.

வழக்கின் இரண்டாம் வருஷம்
பள்ளம் நிரப்ப அஜின் ஒரு டிப்பர் மண் தட்டினான்.
எந்த மலை என்றேன்.
"மலைக்குப் பேரா எழுதி வச்சிருக்கு அக்கா?"
கதவை அறைந்து சாத்திப் போனான்.
செம்மண். அறுபட்ட வேர்களின் ஈர வாசம்.
விரல் விரலாக ஏதோ கிடந்தது.
கல்லென்று நினைத்து மிதித்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு ராத்திரி மழை.
விடிந்து பார்த்தால்
இலை இல்லை, தண்டென்று சொல்ல ஒன்றில்லை,
மண்ணைப் பிளந்து நேராக ஒரு பூங்கதிர்.
கீழே பச்சைக் கிண்ணங்கள் அடுக்கடுக்காக,
ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் நாக்கு,
உச்சியில் ரோஸ்.
பூமிக்கடியில் நடக்கிற கல்யாணத்திலிருந்து
கதவு மாறி வெளியே வந்துவிட்ட ஒருத்தி.

ரப்பர் பால் டிப்போவில் கணக்கெழுதுகிறவள் நான்.
எடைக்கு வாளியை வைத்துவிட்டு
கமலபாய் என் போனில் எட்டிப் பார்த்தாள்.
"காட்டுமஞ்சளாக்கும். எஸ்டேட் ஓரமெல்லாம் கெடக்கு.
இதுக்கா பிள்ளே போட்டோ?"

முதல் வருஷம் தப்புச் செய்தேன்.
தை பிறந்ததும் இலைகள் பழுத்து மடங்க,
தண்ணீர் விட்டேன், சாணம் கரைத்து விட்டேன்,
ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்போல
காலையும் மாலையும் போய் நின்றேன்.
பாதிக் கிழங்கு அழுகிற்று.
அதற்கு வேண்டியிருந்தது தூக்கம். வைத்தியம் இல்லை.

மறுவருஷம் கையைக் கட்டிக்கொண்டேன்.
ரப்பர் இலையுதிர்க்கிற நேரம்;
சாக்குச் சாக்காகச் சருகு சுமந்து வந்து போர்த்தினேன்.
மாசி முழுக்க, பங்குனி முழுக்க,
ஒன்றுமே இல்லாத ஏழடிக்குக் காவல்.
மீன்காரி தலைச்சுமையை அங்கே இறக்கப் போனாள்.
"அங்க வைக்காதே, ஆளிருக்கு."
அவள் சுற்றிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

மூன்று பூத்தது. அடுத்து ஒன்பது.
இந்தச் சித்திரையில் முப்பத்தொன்று.
ஒரு பூ ஒருநாள்தான் நிற்கும்,
நாளை பக்கத்துக் கிண்ணம் திறக்கும்.
நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று
தினமும் பத்து மணிக்கு வருகிறது,
விசாரணைக்கு வருகிறவர்களைவிட ஒழுங்காக.

நேற்று வக்கீல் பேசினார்.
"ஞானதாஸ் இறங்கி வாறான்.
தகரத்தப் பிரிச்சி, சுவரையும் கொறச்சித் தருவான்.
வெயில் நல்லா விழும். நமக்கு ஜெயம்தான்.
வியாழக்கிழமை பத்மநாபபுரம் வந்திருங்க."

நாலு வருஷம். ஐம்பத்தாறாயிரம் ரூபாய்.
எத்தனை பஸ், எத்தனை வாய்தா.
போனை வைத்துவிட்டு வடபுறம் போனேன்.
மேலே அவன் தகரத்தில் மழை சத்தமிட்டது,
கீழே இலைகள் முழங்கால் உயரம்,
வெயிலென்று ஒன்று இருப்பதே தெரியாதவைபோல.

ஓரத்துக் கிழங்கொன்றைப் பிடுங்கி முறித்தேன்.
பச்சை மாங்காய், கொஞ்சம் கற்பூரம்,
பெயரெழுதி வைக்காத மலை.
ஒரு பாதியைத் திரும்பப் புதைத்தேன்.
மறு பாதியை, கோர்ட்டு நோட்டீஸ் வந்த கவரில் போட்டு
மதில்மேல் வைத்தேன், அவன் பக்கமாக.
அங்கும் ஒரு மூன்றடி கிடக்கிறது,
எதுவும் பிடிக்காத இடம்.

காலையில் கவர் இல்லை.
பூனையாகவும் இருக்கலாம்.